புத்தகத்தில் எண்பது, ரோட்டில் ஐம்பத்து மூன்று: மின்சாரக் காரில் சிவகாசி போய்வந்த கதை

மொத்தத் தூரம் அறுபத்தெட்டு கிலோமீட்டர். 2008 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை 7.20க்கு விருதுநகரில் புறப்பட்டு, மாலை 3.55க்கு அதே வீட்டு வாசலில் வந்து இறங்கினோம். பேருந்தில் போயிருந்தால் பகல் பதினொன்றுக்கே திரும்பி வந்து துணி துவைத்திருப்பேன். இருந்தாலும் மின்சாரக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் காரணம். நான் விருதுநகரில் பத்தொன்பது வருடமாக ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். எங்கள் நிர்வாகத்துக்கு சிவகாசியைத் தாண்டி ஏழு கிலோமீட்டரில் இன்னொரு பள்ளி இருக்கிறது. அங்கே தலைமை ஆசிரியை செப்டம்பரோடு ஓய்வு பெறுகிறார், அந்த நாற்காலி உங்களுக்குத்தான் என்று தாளாளர் கூப்பிட்டுச் சொன்னார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் மறுத்தால் என்னைவிட ஆறு வருடம் இளையவருக்குப் போகும். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, மன்னிக்கவும்.

ஆனால் போய்ச் சேருவது எப்படி? சிவகாசியிலிருந்து அந்த ஊருக்குக் காலையில் டவுன் பஸ் 6.40க்கு ஒன்று, விட்டால் 9.05க்கு ஒன்று. முதல் மணி 8.45க்கு அடித்துவிடும். 6.40ஐப் பிடிக்க வேண்டுமென்றால் நான் மூன்றரைக்கு எழுந்து சமைக்க வேண்டும். வீட்டுக்காரர் சமைக்கட்டுமே என்று நினைக்கும் வாசகிகளுக்கு: அதையும் பார்த்தோம். ஒரு வாரம் சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் கார் என்ற பேச்சே வந்தது.

பெட்ரோல் கார் வாங்கலாம். எனக்குக் கிளட்ச் வராது. லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை வண்டியை அணைத்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மின்சாரக் காரில் கிளட்ச்சும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். பலசரக்கு மொத்த வியாபாரி ஜமால் பாய் அப்படி ஒரு குட்டி வண்டியை இரண்டு வருடமாக வைத்திருந்தார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் பத்தாயிரம் கேட்டார். ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று சாவியையும் கொடுத்தார்.

"ஒரு தடவை சார்ஜ் போட்டா எம்புட்டு ஓடும் பாய்?" என்று கேட்டேன்.

"புக்குல எண்பதுன்னு போட்டிருக்கு டீச்சர். நான் மார்க்கெட்டைத் தாண்டி ஓட்டுனதில்ல. பொய் சொல்ல மாட்டேன்."

போக வர அறுபத்தெட்டு; பன்னிரண்டு கிலோமீட்டர் மிச்சம் என்று என் கணவர் தேவசகாயம் கணக்குப் போட்டார். அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருக்கும் காலத்தில் மின்வாரியக்காரர் மனைவி மின்சாரக் கார் வாங்குகிறாள் என்று தெரு முழுக்கச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எந்த ஊரில் எத்தனை மணிக்கு வெட்டு என்று ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டி, நான் ஓட்ட அவர் பக்கத்தில் உட்கார, ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் போனோம். தீபாவளி சீசன் என்பதால் எதிரே வரிசையாக லோடு லாரிகள். வண்டியில் சத்தமே இல்லை. அதில் ஒரு தொல்லை என்னவென்றால், முன்னால் போகும் ஆட்டுக்குக்கூட நாம் வருவது தெரியாது. ஆமத்தூரில் டீக்கடைக்காரர் ஒருவர், "அணைச்சிட்டா ஓட்டுதீக?" என்று கேட்டார். மணிக்கு ஐம்பதுக்கு மேல் நான் போகவில்லை. பள்ளி வாசலை 8.38க்குத் தொட்டேன். மணி அடிக்க ஏழு நிமிடம் இருந்தது. நானே ஓட்டி, நானே நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். சனிக்கிழமை என்பதால் பூட்டிக் கிடந்த கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் தூசி விழுந்ததாக நினைத்து ஊதிவிட்டார்.

சார்ஜ் முள் பாதியைத் தாண்டி இறங்கியிருந்ததை இருவருமே பார்த்தோம். சாப்பிடப் போகலாம் என்றார் அவர்.

சிவகாசிக்கு வந்து நான்கு இட்லி, ஒரு பூரி செட், இரண்டு காபி. மொத்தம் 46 ரூபாய். பத்தரைக்குக் கிளம்பும்போது வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே ஏசியைப் போட்டார். இதைப் படிக்கும் கணவர்கள் குறித்துக்கொள்ளவும். திருத்தங்கலைத் தாண்டி முள் சிவப்புக்குள் போனது. ஏசியை அணைத்தார். பாட்டை அணைத்தார். கடைசியில் மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். சரியாக 53வது கிலோமீட்டரில், காலை 11.05க்கு, ஒரு பட்டாசு ஆலையின் கேட்டுக்கு நேரே வண்டி நின்றது. வீட்டுக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர்.

உள்ளே இருந்து ஒரு லோடு லாரி வெளியே வர ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார். வண்டியைக் கேட்டுக்கு உள்ளே ஓரமாகத் தள்ளிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பட்டாசு ஆலைக்குள் வரும் எந்த வண்டியும் சைலன்சர் வாயில் தீப்பொறி தடுக்கும் வலை மாட்டியிருக்க வேண்டும். அதைப் பார்ப்பது அவர் வேலை.

"சைலன்சரை எங்கன வச்சிருக்கீக?"

"இதுல கிடையாதுங்க."

"வார வழியில விழுந்துருச்சா?"

"இது பேட்டரியில ஓடுற வண்டி."

அவர் எழுந்து இரண்டடி பின்னால் போனார். "கரண்டு வண்டியா? அப்ப ரோட்டைத் தாண்டி அந்த வேப்பமரத்துக்கிட்ட தள்ளி நிறுத்துங்க டீச்சரம்மா. சைலன்சர் இல்லேங்கது நல்லதுதான். ஆனா நோட்டுல அதுக்கு கட்டம் இல்ல."

தள்ளி நிறுத்தினோம். ஆலைக்குள் எங்காவது பதினைந்து ஆம்பியர் பிளக் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வெடிமருந்து கையாளும் அறை எதிலும் மின்சாரமே கிடையாதாம். பொழுது இருக்கும் வரை வேலை, பொழுது சாய்ந்தால் வீடு. கார் நின்றுபோக இதைவிடப் பொருத்தமில்லாத இடத்தை மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு அவரே, "வேப்பமரத்துக்குப் பின்னால இருக்கது நம்ம தோட்டந்தான். மோட்டார் ரூம்ல பெரிய பிளக்கு இருக்கு. வந்து ஊத்திக்கோங்க. காசு கீசு வேண்டாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. கம்பியை எடுக்க டிக்கியைத் திறந்தேன். வீட்டுக்காரர் அதை மூடினார்.

விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அதிலிருந்து வேறு எதற்கு இழுத்தாலும் திருட்டு. போன மாதம் இதே சுற்றுவட்டாரத்தில், தோட்டத்து மோட்டாரிலிருந்து கல்யாணப் பந்தலுக்கு சீரியல் லைட் இழுத்தவர் மேல் எழுதிக் கொடுத்தவர் இவர்தான்.

"ஒரு மணி நேரந்தாங்க" என்றேன்.

"ஒரு மணி நேரம் எடுத்தாலும் அது திருட்டுத்தான் மேரி. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எவனுக்கு நோட்டீஸ் குடுப்பேன்?"

வாட்ச்மேன் அவரை உற்றுப் பார்த்தார். "சார் லைன் இன்ஸ்பெக்டர்தான? எங்க சித்தப்பா மக கல்யாணத்துல லைட்டை அவுத்தது நீங்கதான?"

வீட்டுக்காரர் ஆமாம் என்றார். நான் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"அதனால என்ன சார், கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. இப்ப நீங்க ஊத்திக்கோங்க" என்றார் வாட்ச்மேன். அவர் சிரித்த சிரிப்பில் பெருந்தன்மை எவ்வளவு, வன்மம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. வீட்டுக்காரர் அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இந்த வண்டி இன்று வீடு போய்ச் சேரவில்லை என்றால் திங்கட்கிழமை நான் தாளாளரிடம் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். இவருக்கு சீரியல் லைட் ஞாபகம். இப்போது நினைத்தால் அவரைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. கோபமும் அப்படியேதான் இருக்கிறது.

எழுநூறு மீட்டரில் ஒரு மாவு மில் இருப்பதாகவும், அது காசு கட்டி எடுத்த கனெக்ஷன் என்றும் வாட்ச்மேன் சொன்னார். என் வீட்டுச் சத்தியவான் பின்னால் நின்று தள்ள, நான் ஸ்டீயரிங் பிடித்தேன். மெதுவாகவே திருப்பினேன். அவசரம் ஒன்றுமில்லையே.

மில்லை நடத்துவது முத்துமாரி என்ற அம்மாள். எங்களுக்கு முன்னால் ஒன்பது டின்கள் வரிசையில் இருந்தன: கோதுமை, மிளகாய், கேப்பை.

"வரிசையிலதான் வரணும் டீச்சர். அந்த மிளகாய் டின்னுக்குப் பின்னால உங்க காரு" என்றார். பிறகு தும்மிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்து, "நான் கிலோவுக்கு ரெண்டு ரூவா வாங்குதேன். இது எத்தனை கிலோ இருக்கும்?" என்றார்.

மணிக்கு இருபது ரூபாய் என்று பேசி முடித்தோம். எங்கள் முறை வருவதற்குள் மணி பன்னிரண்டு. மின்சாரம் நின்றது. வீட்டுக்காரர் பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்து, "கரெக்டா பன்னெண்டு" என்றார். அவ்வளவு திருப்தியோடு அவர் பேசி நான் வெகு நாளாகக் கேட்கவில்லை. இனி இரண்டு மணிக்குத்தான்.

அந்த இரண்டு மணி நேரம் மிளகாய் நெடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன். ஒன்பது டின்கள் இருந்தன, ஆட்கள் ஒருவரும் இல்லை. டின்னை வரிசையில் வைத்துவிட்டு எல்லாரும் தீப்பெட்டி ஒட்டவும் பட்டாசு வேலைக்கும் போய்விடுகிறார்கள். பொழுது சாய வந்து எடுத்துக்கொள்கிறார்கள். டின்னுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"என்னங்க, நான் ஸ்கூலுக்குப் போனா வண்டி அங்கன எம்புட்டு நேரம் நிக்கும்?"

"எட்டரையிலருந்து நாலரை வரைக்கும்."

"எட்டு மணி நேரம் சும்மாதான நிக்கும். நாம ஏன் போக வரச் சேத்துக் கணக்குப் போட்டோம்?"

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்தப் பள்ளி இருக்கும் ஊரின் மின்வெட்டு நேரத்தை எழுத ஆரம்பித்தார்.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. ஒன்றேகால் மணி நேரம் சார்ஜ், இருபத்தைந்து ரூபாய். ஏசி போடாமல் வந்து சேர்ந்தோம்.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. ஒரே சார்ஜில் ஐம்பது கிலோமீட்டர் என்று மட்டும் நம்புங்கள். சார்ஜ் இறங்கிய வண்டிக்குப் பதினைந்து ஆம்பியர் பிளக்கில் முழு சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் ஆகும்; முதலில் வேகமாக ஏறும், போகப் போக மெதுவாகும். வீட்டில் அந்தப் பிளக் கீழ்த்தளத்திலேயே இருக்க வேண்டும். மாடியிலிருந்து கம்பி தொங்கவிடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். பணக் கணக்கு எனக்கு இப்படி வந்தது. பெட்ரோல் லிட்டர் 55 ரூபாய் என்றால், பழைய பெட்ரோல் காருக்கு வருடம் ஐம்பத்தைந்தாயிரம் ஆகும். இதற்கு மின்சாரம் பதினோராயிரம். நாற்பத்து நான்காயிரம் மிச்சம் என்று குதிக்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேட்டரிக்கு எழுபத்தைந்தாயிரம் எடுத்து வைக்க வேண்டும். ஜமால் பாய் வண்டிக்கு அடுத்த வருடமே மாற்ற வேண்டும். அதோடு இந்த வண்டி பழைய பெட்ரோல் காரைவிட ஐம்பதாயிரம் கூடுதல் விலை. முதல் மூன்று வருடத்தில் லாபம் என்று கைக்குப் பெரிதாக ஒன்றும் வராது. பணத்தை மட்டும் பார்ப்பவர்கள் வாங்க வேண்டாம். போகிற இடத்தில் பிளக் இல்லாதவர்கள் வாங்கவே வேண்டாம். கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நாலு வருடம் பொறுத்துப் பார்க்கலாம்.

நான் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை தாளாளரிடம் சம்மதம் என்று எழுதிக் கொடுத்து, கீழே ஒரு நிபந்தனையும் சேர்த்தேன்: பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக், அதற்குத் தனி மீட்டர், பில் என் பெயரில். தனி மீட்டர் யார் சொல்லி என்று உங்களுக்கே தெரியும். தாளாளர் இரண்டு முறை படித்தார்.

"வீடு கேப்பீக, அலவன்ஸ் கேப்பீகன்னு நெனச்சேன். இம்புட்டுத்தானாம்மா?" என்றார்.

அந்த வண்டியிலேயே ஓட்டிக் காட்டி லைசென்ஸும் வாங்கினேன். அக்டோபர் முதல் தேதி காலை ஏழேகாலுக்கு எல் போர்டைப் பிய்த்து எடுத்தேன். வீட்டுக்காரர் குளித்து, தலை சீவி, சட்டை மாட்டி வாசலில் நின்றார்.

"முத நாளு. நானும் வரவா?"

"வேண்டாங்க" என்றேன்.

அவர் சார்ஜ் போடும் கம்பியைச் சுருட்டி டிக்கியில் வைத்து, மூடி, ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் மிதித்தேன். போனது.