பெட்டியில் இருந்த ஐந்து மணித்தியாலம்

வெள்ளவத்தையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் லேபில் இருபத்திரண்டு வருடம் டெக்னிக்கல் ஒஃபிசராக இருந்தேன். மாணவர்களின் டிசைன் புரொஜெக்ட் தாள்களில் என் கையெழுத்து விழாமல் எதுவும் மேலே போகாது. அப்படிப் போட்ட கையெழுத்துகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குப் பெருமை தரும் கதை அல்ல. ஆனாலும் இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. இரவல் பெட்டிகள்

ஒரு பொருளை டிசைன் பண்ணுவதற்கு முன், சந்தையில் ஏற்கெனவே இருப்பவற்றை எடுத்து ஒப்பிட வேண்டும். பெஞ்ச்மார்க்கிங் என்பார்கள். எடை, சத்தம், ஓடும் நேரம் என்று ஒவ்வொன்றாக அளந்து அட்டவணை போட வேண்டும். அளப்பதற்குப் பொருள் வேண்டுமே! கல்லூரி வாங்கித் தராது. அதனால் புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ஹாஜியாரின் மின்சாதனக் கடையில் இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி வருவேன்.

"கொண்டு போங்க சேர். ஆனா சீல மட்டும் உடைச்சிராதீங்க. உடைச்சா அத நான் யாருக்கு விக்கிற?" என்பார்.

சீல் உடைக்காத பெட்டியில் எதை அளப்பது? நீளம், அகலம், எடை. மிச்சத்தைப் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து எழுதிவிடுவோம். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும்தான் விரிவுரையாளர்கள் பார்ப்பார்கள். செலவில்லாமல் காரியம் முடிக்கிறேன் என்று எனக்கு உள்ளூரக் கெப்பரும் பெருமிதமும் வேறு.

2. லோட் கொலம்

தினமும் அட்டவணை போட்டு மின்சாரத்தை வெட்டிய காலம். அப்போது என்னிடம் வந்த மாணவி ஷெரின், கொட்டாஞ்சேனைப் பிள்ளை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவளுடைய அப்பா, நுரையீரல் கெட்டு, வீட்டில் ஒட்சிசன் மெஷினோடு படுத்திருந்தார். மெஷின் கரண்டில்தான் ஓடும். அதனால் மின்வெட்டு நேரத்தில் அந்த மெஷினை ஓட்டக்கூடிய ஒரு பேட்டரிப் பெட்டியைச் செய்வதென்று அவளுடைய குழு தீர்மானித்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஹாஜியாரிடம் நான்கு பேட்டரிப் பெட்டிகள் கொண்டுவந்தேன். மூன்றாவதில் 'ஐந்து மணித்தியாலம் ஓடும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"சேர், என்ன லோடுக்கு அஞ்சு மணித்தியாலம் எண்டு போடேல்லையே. அப்பாட மெஷின் முந்நூற்றைம்பது வாட்ஸ் இழுக்கும். ஒருக்கா ஓன் பண்ணிப் பார்ப்பமா?" என்று கேட்டாள்.

"சீல் உடைஞ்சா ஹாஜியார் என்னைத்தான் பிடிப்பார். இது பெஞ்ச்மார்க்தானே பிள்ளை. நீங்கள் செய்யிற பெட்டியைப் பிறகு வடிவா அளக்கலாம். இப்ப இதில இருக்கிறதைப் போடும்."

"அப்ப லோட் கொலம்? அந்தக் கட்டத்தை வெறுமையா விடவா?"

"வெறுமையா விட்டா லெக்சரர் திருப்பி அனுப்புவார். உங்கட மெஷின்ட வாட்ஸையே போடும்."

போட்டாள். 350 வாட்ஸ், ஐந்து மணித்தியாலம். கீழே நான் கையெழுத்து வைத்தேன்.

3. செவ்வாய்க்கிழமை

குழு செய்யும் பெட்டி முடிய மாதங்கள் ஆகும். அப்பாவுக்கோ அது வரை பொறுக்க முடியாது. ஷெரினின் அம்மா அவள் கொண்டுபோன அட்டவணையைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், ஹாஜியாரின் கடையில் அந்த மூன்றாவது பெட்டியையே வாங்கினார். முதல் இரண்டு வெட்டுகளும் முக்கால் மணி நேரத்தில் முடிந்ததால் பெட்டி தாக்குப்பிடித்தது. எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தச் செவ்வாய் பகலில் மூன்று மணி நேர வெட்டு. ஐந்து மணித்தியாலம் இருக்கிறதே என்று, பக்கத்து வீட்டு அங்கிளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா கோயிலில் நவநாள் பூசைக்குப் போனார். ஷெரின் எங்கள் லேபில் இருந்தாள். ஒரு மணி ஐந்து நிமிடத்தில் பெட்டி நின்றது. வீடு ஆறாம் மாடியில். கரண்ட் இல்லாததால் லிஃப்டும் இல்லை. அங்கிளும் இன்னும் மூன்று பேரும் அவரைக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு படியால் இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உயிர் இல்லை.

செத்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஷெரின் துக்கத்து வெள்ளைச் சட்டையோடு லேபுக்கு வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அட்டவணையை மேசையில் வைத்தாள். மூன்றாவது வரியில் ஐந்தை வெட்டிவிட்டு 1 மணி 5 நிமிடம் என்று எழுதியிருந்தாள்.

"திருத்தினா திரும்ப சைன் வேணும் சேர்," என்றாள்.

"இது... ஆர் பிள்ளை அளந்தது?"

"அங்கிள் மணிக்கூடு பார்த்துக்கொண்டு இருந்தவர் சேர். லோடும் சரி, அப்பாட மெஷின்தான்."

கையெழுத்து வைத்தேன். அந்த நான்கு பெட்டிகளிலும் உண்மையாக அளந்த ஓடும் நேரம் அது ஒன்றுதான்.

தம்பி, தங்கச்சிமாருக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். அளக்காத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். லெக்சரர் ஏசினால் ஏசட்டும், மார்க்ஸ் குறைந்தால் குறையட்டும். வெறுமையான கட்டத்தை நம்பி ஒருவரும் கோயிலுக்குப் போகமாட்டார்கள்.