பப்படக் கூடையும் பழைய மோட்டார் சைக்கிளும்

உளுந்து மாவு, நல்லெண்ணெய், ஈரச் சாக்கு மூன்றும் கலந்து அடிப்பதுதான் எங்கள் வீட்டு வாடை. அதில் நான்காவதாகப் பெட்ரோல் வந்து சேர்ந்தது, எனக்குப் பன்னிரண்டு வயதான மழைக்காலத்தில். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு, பப்படம் போட்டு எர்ணாகுளத்து ஓட்டல்களுக்குக் கொடுத்துவந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கூடையைச் சுமந்துகொண்டு படகுத்துறைக்கு நடந்து, படகேறி இறங்கி, மறுபடி பிராட்வே கடைத்தெரு வரைக்கும் நடந்து அப்பாவுக்குக் கழுத்தே திரும்பாமல் போயிற்று. அதனால் தேவராவில் ஒரு மலையாளச் சேட்டன் வளைகுடாவுக்குக் கிளம்பியபோது அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்துவிட்டார்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் அந்த வண்டியை என்னைப்போல் அறிந்தவன் எங்கள் சந்தில் ஒருவனும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். "ஒர்க்‌ஷாப்"பில் விட்டால் வாரக்கணக்கில் கிடக்கும் என்று பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பது, செயினை மண்ணெண்ணெயில் கழுவுவது, கிளட்ச் கேபிளுக்குள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறக்குவது எல்லாம் வீட்டிலேயே நடந்தன. உப்புக்காற்றில் துருப்பிடிக்குமென்று அப்பா வண்டியை வாசற்படி ஏற்றி, நாங்கள் படுக்கிற முன்னறையிலேயே நிறுத்தினார். "பெத்த பிள்ளைக்குப் பாய் விரிக்க எடமில்ல, இதுக்கு ஒரு தலகாணிதான் கொறச்சல்" என்பாள் அம்மா.

அந்த வருஷம் பிராட்வேயில் ஒரு பெரிய ஓட்டல்காரர் ஓண விருந்துக்குப் பப்படம் கேட்டிருந்தார். சரக்கு பிடித்துப்போனால் வருஷம் முழுக்க எங்களிடமே எடுப்பதாகப் பேச்சு. ஓணம் நெருங்கி வந்த நேரத்தில் வண்டி படுத்துக்கொண்டது. வெளியே பேய்மழை. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு கிண்ணிப் பெட்ரோலில் போட்டுக் கழுவினார். ஜெட் என்கிற ஊசித்துளையை நான் வாயால் ஊதினேன். மாட்டினால் ரெண்டு நிமிஷம் உறுமிவிட்டு அணையும். மறுபடி கழற்றுவோம், மறுபடி கழுவுவோம். அடுத்த அறையில் கூடை நிறையப் பப்படம் துணி மூடி இருந்தது. பப்படம் எந்த வாடையையும் இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்ததுதான், ஆனால் எங்கள் மூக்குகள் அதற்குள் பெட்ரோலுக்குப் பழகிவிட்டிருந்தன.

மறுநாள் படகிலேயே கொண்டுபோனோம். ஓட்டல்காரர் ஒன்றைப் பொரித்துக் கடித்தவர் அப்படியே துப்பினார். "எந்தா அண்ணாச்சி இது? இதைத் தின்னுட்டு ஒருத்தன் பீடி பத்த வெச்சா என் ஓட்டல் என்ன ஆவும்?" சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நாளைச் சாயங்காலத்துக்குள் நல்ல சரக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முடித்துவிட்டார். அப்பா கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு படகேறினார். வீட்டுக்கு வந்ததும், "வண்டிய வித்துடுதேன்" என்றார்.

அம்மா ஒரு பப்படத்தை முகர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நானும் அப்பாவும் தலை குனிந்து நின்றோம். "விக்கிறத ஓணம் கழிச்சு வித்துக்கலாம். மொதல்ல இந்த வண்டிய வெளிய தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, மாவுப் பானையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் உத்திராடம், ஓணத்துக்கு முதல் நாள். விட்டுவிட்டு அடித்த வெயிலிலும் கரி அடுப்புச் சூட்டிலுமாகப் பப்படத்தைக் காயவைத்து அவள் எடுத்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. திருநாள் கூட்டத்தில் படகில் ஆள் நிற்கவே இடமில்லை, இதில் கூடையை எங்கே ஏற்றுவது? சந்தில் அப்பா பிளக்கைக் குற்றவாளியாக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஒழுகுற எடத்துல நான் வச்சிருந்த சட்டிய எடுத்துட்டுத்தானே இந்தச் சனியன நிறுத்துனீங்க? இப்ப தரையெல்லாம் தண்ணி!"

எனக்குப் பொறி தட்டியது. சட்டி இருந்த இடத்தில்தான் வண்டி நின்றது, கூரை ஒழுகுவது பெட்ரோல் டேங்கின் வாய்க்கு நேர் மேலே. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. டேங்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கி, வந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். மேலே பெட்ரோல், அடியில் கூரைத் தண்ணீர் தனியாக நின்றது. நாங்கள் கார்புரேட்டரைக் கழுவக் கழுவ, மேலேயிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது! அப்பா பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏட்டி, உன் மவன் கண்டுபிடிச்சிட்டாம்ல" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை மெச்சியிருக்கிறார்கள். அந்தக் கத்தலுக்கு ஈடில்லை.

டேங்கைக் கவிழ்த்துத் துடைத்துப் புதுப் பெட்ரோல் ஊற்றும்போது தூறல் பிடித்தது. அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து டேங்குக்குக் குடை பிடித்தாள். அவள் முதுகு தொப்பலாக நனைந்தது. "நான் நனைஞ்சா காஞ்சிருவேன், நீங்க வேலயப் பாருங்க" என்றாள். அப்பா உதைத்தார், வண்டி பிடித்துக்கொண்டது.

புதுப் பப்படத்தைக் கயிறு போட்டுக் கட்டினால் மடங்கிவிடும், மடியில்தான் வைக்கவேண்டும். அம்மா அதுவரை ஏறவே மறுத்த வண்டியில் கூடையோடு ஏறினாள். நான் டேங்க் மேல். ஓட்டல்காரர் கூடையை வாங்கி உள்ளே வைக்கப்போனார். அம்மா விடவில்லை. "பொரிச்சுத் தின்னு பாத்துட்டு எடுங்க." அவர் தின்றார், தலையாட்டினார். "ம்... இப்ப பீடியப் பத்த வைங்க" என்றாள் அம்மா. முந்தின நாளைவிடப் பெரிய சிரிப்பு. இந்தத் தடவை அப்பாவும் சிரித்தார். அந்த வருஷம் மட்டுமில்லை, அடுத்த பல ஓணங்களுக்கும் அங்கே எங்கள் பப்படம்தான்.

திரும்பும்போது தோப்பும்படிப் பாலத்தில் அம்மா அப்பாவின் தோளைத் தட்டினாள். "மெதுவாப் போங்க, காத்து நல்லாருக்கு." மடியில் காலிக் கூடை. கொச்சிக்கு வந்த நாளிலிருந்து வேலை என்று இல்லாமல் அவள் தண்ணீரைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். வண்டியை விற்கும் பேச்சு அதற்கப்புறம் எழவேயில்லை.

இன்றைக்கு எனக்கு மூன்று உதிரிபாகக் கடைகள்; கணக்கு எழுதப் பட்டம் படித்தவர்களை வைத்திருக்கிறேன். அந்த ஓட்டல் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். எங்கள் ஓட்டு வீட்டை இடித்துச் சுற்றுலாக்காரர்கள் தங்க அறை கட்டிவிட்டார்கள். அப்பா போய், அம்மாவும் போயாயிற்று. போன மாதம் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தில் அம்மா சொன்ன வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தே என்னை ஓரங்கட்டிவிட்டான்.