என் கையால் கட்டிய முடிச்சு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் நடந்தது இது. எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் கரையேறியதும் கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப்போட்டு, மறுநாள் மறுபடி கட்டுவோம். கட்டுவது என் வேலை. ஒருநாள் அவசரமாகக் கட்டினேன். அலையில் மரங்கள் பிரிந்து, நானும் என் மனைவியின் தம்பி ஆறுமுகமும் கடலில் விழுந்தோம். நீந்தித்தான் உயிர் தப்பினோம்.

கரையில் கூடியவர்களிடம், "கவுறு மட்டம். வாங்கியாந்தவன் இவன்தான்" என்றேன். ஊரே அவனைத் திட்டியது. அவன் கரை ஒதுங்கிய மரங்களையும் கயிற்றையும் இழுத்து மேட்டில் போட்டான்.

மறுநாள் அவனே கயிற்றை என்னிடம் நீட்டினான். நான் கட்டியதை இழுத்துக்கூடப் பார்க்காமல் மரத்தில் ஏறி நின்றான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்கு மச்சான். கவுறு மேல தப்பில்ல. நான்தான் சரியா கட்டல. உம்மேல பழி போட்டுட்டேன், மன்னிச்சுக்கோ."

"தெரியும் மாமா. கரை ஒதுங்குன கவுறு அறுவல, அவுந்துதான் கீது. நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

தெரிந்தே என் முடிச்சை நம்பி ஏறியிருக்கிறான்! தினமும் பார்க்கிற கடல்கூட என்னை அப்படி மலைக்க வைத்ததில்லை. பழி சொன்ன அதே கூட்டத்தைக் கூட்டி உண்மையைச் சொன்னேன்.

இப்போதெல்லாம் தப்பு என்னுடையதென்றால், தலையீரம் காய்வதற்குள் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் கயிற்றைத் தொடுகிறேன்.