ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தனர்

இருபத்தொன்பது வருஷம் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். வீட்டுப் பிள்ளைகள் மட்டும், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, கொட்டாவி இன்ஸ்பெக்டர் என்பார்கள். பகலில் யாராவது வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டால் போதும், எங்கிருந்தோ வந்து முன்னால் நிற்பார்.

"என்ன, கண்ணு சொக்குதா? போய் மூஞ்சியில தண்ணி அடிச்சிட்டு வா."

விருந்தாளி என்றும் பார்ப்பதில்லை, வயசானவர் என்றும் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், மாற்று டிரைவர் ஒரு நொடி கண்ணசந்ததில் வண்டி சாலையை விட்டிறங்கி வயலுக்குள் போய் நின்றது. பின்சீட்டில் இருந்த இவருக்கோ பயணிகளுக்கோ ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தூக்கம் என்றால் எதிரி என்று அன்றைக்கு அவர் மனதில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. அதன்பிறகு ஓய்வு பெறும்வரை ஸ்டியரிங் முன்னால் ஒரு தடவைகூட அவர் இமை சோரவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் ஜெயித்த ஒன்றில் அடுத்தவர் தோற்றுப்போவதைப் பார்த்தால் மனசுக்குள் ஒரு இளக்காரம் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதை என்ன செய்வது? அவருக்குள் அது சட்டமாகவே உட்கார்ந்துவிட்டது.

நாலு தெரு தள்ளி அவருடைய தங்கை வீடு. தங்கையின் கணவர் கட்டடங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே அசைவு போய்விட்டது. பேச்சும் சிரிப்பும் மட்டும் மிச்சம். அப்படிப் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதுகுத் தோல் புண்ணாகிவிடும். பகல் இரவு பாராமல் அதைச் செய்தது தங்கை ஒருத்திதான். டிரைவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழங்கள் வாங்கிக்கொண்டு போவார். கண்ணுக்குக் கீழே கருத்துப்போன அவள் முகத்தைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்கம்மா" என்பார். எவ்வளவு நேரம் தூங்குகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அவரிடம் போய் யார்தான் தூக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள்?

இப்படி இருக்கையில்தான் வட்டார அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. குடியிருப்போர் நடத்தும் நல்ல காரியங்களுக்கு அலுவலகம் வருஷாவருஷம் ஒரு நிதி கொடுக்கும். யாருக்குக் கொடுப்பது என்பதை அதிகாரிகள் தீர்மானிப்பதில்லை. குலுக்கலில் ஒன்பது குடியிருப்போரை எடுத்து அவர்களிடமே விட்டுவிடுவார்கள். அந்த வருஷக் குலுக்கலில் டிரைவர் பெயர் விழுந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தைக் கண்ணாடி அலமாரியில், விபத்தில்லா ஓட்டுநர் கேடயத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

ஏழு விண்ணப்பங்கள் வந்திருந்தன. மூன்றுக்குத்தான் நிதி. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உறுப்பினர்களில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். கண்ணால் பார்த்தவர் என்பதால் அவர் போடும் மதிப்பெண்ணுக்கு இரண்டு மடங்கு கணக்கு. உறவுக்காரர் யாராவது பலன் பெறுகிறவராக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேராக டிரைவர் 'இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். நேர்மையான மனிதர், அதிலொன்றும் சந்தேகமில்லை. மேளப் பயிற்சிக் குழுவும் ஓய்வறை என்று ஒன்றும் அவர் பங்குக்கு வந்தன.

ஓய்வறை, மூடிப்போன அச்சகம் ஒன்றின் பின்கூடத்தில் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் அதை நடத்தினார். வீட்டில் நோயாளியை வைத்துக் கவனிக்கிறவர்கள் வாரத்தில் இரண்டு நாள், மதியம் ஒன்றிலிருந்து நாலுவரை அங்கே வந்து தூங்கலாம். அந்த நேரம் அவர்கள் வீட்டில் நோயாளிக்குத் துணையாக ஒரு ஆளை நர்ஸம்மா அனுப்பி வைப்பார். ஆளைத்தான் அனுப்புகிறாரே, அவர்கள் வீட்டிலேயே படுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. வீட்டில் படுத்தால் கண் மூடும், காது மூடாது. அடுத்த அறையில் ஒரு இருமல் கேட்டால் உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்துவிடும். ஒரு வருஷமாக யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த பணத்தில் ஓய்வறை ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஊரை விட்டுப் போய்விட்டதால் நர்ஸம்மா விண்ணப்பித்திருந்தார். இவ்வளவும் விண்ணப்பத்தில் தெளிவாக எழுதியிருந்தது. டிரைவர் முதல் பக்கத்தைப் படித்தார். மீதியை நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்துப் பையில் வைத்தார்.

அவர் போனபோது மணி இரண்டரை. கனத்த திரைகள், அரையிருட்டு, ஆறு கட்டில், ஆறு கட்டிலிலும் ஆள். சுவரில் கடிகாரம்கூட இல்லை, அதன் சத்தமும் வேண்டாமென்று கழற்றியிருந்தார்கள். வாசலோரம் நர்ஸம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு தட்டு, அதில் ஆறு செல்போன்கள். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் அவரே எடுத்துப் பேசுவார், நிஜமாகவே அவசரம் என்றால்தான் எழுப்புவார்.

"என்னம்மா இது, எல்லாரும் கட்டையை நீட்டிட்டாங்க?" என்றார் டிரைவர். பேருந்தின் பின்சீட்டு வரைக்கும் கேட்டுப் பழகிய குரல் அது.

நர்ஸம்மா உதட்டில் விரலை வைத்து, அவரை வெளியே அழைத்துக்கொண்டு போனார். "நாலு மணிக்கு எழுந்திருச்சிருவாங்க. இருந்து ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்களேன் சார்."

"மூணு மணிக்கு இன்னொரு இடம் பார்க்கணும்மா. நேரம்னா நேரம்."

மொத்தம் ஏழு நிமிஷம் இருந்தார். ஆறு கட்டிலில் ஒன்றில், சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுப் படுத்திருந்தது அவருடைய சொந்தத் தங்கை. இதை உங்களிடம் மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவருக்குத்தான் தெரியாது, உங்களுக்காவது தெரியட்டும்.

மூன்று மணிக்கு மேளக் குழு. பல் முளைத்தவர்கள் முதல் பல் போனவர்கள் வரை இருபத்திரண்டு பேர் வெளுத்து வாங்கினார்கள். அவர் கையிலும் ஒரு குச்சியைக் கொடுத்தார்கள். மனிதர் வியர்க்க வியர்க்க அடித்துவிட்டு வந்தார். வந்த சூட்டோடு இரண்டு அறிக்கையையும் எழுதி முடித்தார். 'எத்தனை பேர் ஈடுபட்டிருந்தார்கள்?' என்ற கட்டத்தில் மேளத்துக்கு, 'இருபத்திரண்டு, முழு உற்சாகம்.' ஓய்வறைக்கு, 'ஒருவரும் இல்லை. ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தனர். பொறுப்பாளர் செல்போன்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.' பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கூட்டத்தில் ஓய்வறையின் முறை வந்ததும் அவர் எழுந்து நின்றார். "நான் போன நேரத்துல எல்லாரும் ரொம்ப சுறுசுறுப்பா குறட்டை விட்டுட்டு இருந்தாங்க" என்றார். மேஜையைச் சுற்றிக் கொல்லென்று சிரிப்பு. உறுப்பினர்களில் மருந்துக்கடைக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அங்க வர்றவங்க யாரு, எதுக்காக வர்றாங்கன்னு விசாரிச்சீங்களா?"

"எழுப்பியா கேக்கறது?" என்றார் டிரைவர். மறுபடியும் சிரிப்பு. வாழ்க்கையில் அவர் பேச்சுக்கு இத்தனை பேர் ஒரே சமயத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை. மனிதர் அதில் மயங்கிவிட்டார். ஸ்டியரிங்கில் சோராத கண் அங்கேதான் சோர்ந்தது.

ஓய்வறை நாலாவது இடத்துக்குப் போயிற்று. மூன்றாவதுக்கும் அதற்கும் இடையே இரண்டே மதிப்பெண் வித்தியாசம். எந்த விண்ணப்பம் ஏன் தேறவில்லை என்று எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பது விதி. அதனால் அறிக்கைகளை, எழுதியவர் கையெழுத்தோடு, அலுவலக வாசலில் ஒட்டினார்கள். மாதக் கடைசியில் நர்ஸம்மா கட்டில்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறையைப் பூட்டினார்.

அறிக்கை ஒட்டி இரண்டு மாதம் ஆனபோது, தங்கையின் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. முதுகில் புண். அலாரம் வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். அது அடித்து அடித்து ஓய்ந்தும் அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு முறை இல்லை, அந்த வாரத்தில் நாலு முறை. டிரைவர் பதறியடித்துக்கொண்டு ஓடினார். வராந்தாவில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற தங்கையைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது:

"கொஞ்சம் கண்ணசராம இருந்திருக்கலாம்லம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தூங்கிட்டேண்ணே" என்றாள். ஏதோ திருடிவிட்டுப் பிடிபட்டவள் மாதிரி.

நோயாளியைப் பார்க்க வந்திருந்த நர்ஸம்மாவுக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டிரைவரைப் படிக்கட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், அன்னிக்கு நீங்க பாத்த ஆறு பேர்ல உங்க தங்கச்சியும் ஒருத்தர். ஒரு வருஷமா வந்துட்டிருந்தாங்க."

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னா உறவுன்னு உங்களை விலக்கிடுவாங்கன்னு நான்தான் தடுத்தேன். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. 'எங்கண்ணன் நேர்மையானவரு, தெரியாட்டியும் நியாயமா செய்வாரு'ன்னாங்க."

அறிக்கையையும் அவள் படித்துவிட்டாளா என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. கேட்கவும் தேவையில்லை. அலுவலகத்தைத் தாண்டித்தான் அவள் மருந்து வாங்கப் போகவேண்டும். அதை ஒட்டிய பிறகு வந்த எட்டு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். எட்டு தடவையும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீர் கொடுத்து, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்றுதான் கேட்டிருக்கிறாள்.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனார். அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றார். அங்கிருந்த குமாஸ்தா பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "பணம் பிரிச்சுக் கொடுத்தாச்சு சார். அடுத்த வருஷம் அவங்க மறுபடி போடலாம்."

"அடுத்த வருஷம் நான் இருப்பேனா?"

"குலுக்கல்ல வேற ஒன்பது பேர் வருவாங்க சார்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. திரும்பும் வழியில் எங்கிருந்தோ மேளச் சத்தம் கேட்டது. அவர்கள் நன்றாகத்தான் அடித்தார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு?

தங்கையின் கணவர் வீடு திரும்பியதும், செவ்வாயும் வெள்ளியும் மதியம் ஒரு மணிக்கு டிரைவர் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். நர்ஸம்மாவிடம் போய், தலையணையை எங்கே முட்டுக் கொடுப்பது, தோளை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் கற்றுக்கொண்டிருந்தார். முதல் நாள் அவர் இழுத்த இழுப்பில் மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "மச்சான், மெதுவா. சந்துக்குள்ள பஸ்ஸை ஒடிச்சுத் திருப்புற மாதிரி இருக்கு."

தங்கை அடுத்த அறையில் படுத்தாள். கதவைச் சாத்தி, சன்னலுக்குத் தடித்த துணி போட்டு, அவள் செல்போனையும் வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் டிரைவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பூனை மாதிரி நடந்தார். ஆனாலும் மாப்பிள்ளை ஒரு கனைப்பு கனைத்தால் உள்ளே கட்டில் கிறீச்சிடும். தண்ணீர் டம்ளரை வைக்கும் சத்தத்துக்குக் கதவு திறக்கும். "ஒண்ணுமில்லம்மா, நீ படு, நான் இருக்கேன்ல" என்பார். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள். பத்து நிமிஷத்தில் கட்டில் மறுபடி கிறீச்சிடும். மூன்று வாரம் இதே கதை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், அவள் எழுந்து வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் இத்தனை நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை, முழங்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"அன்னிக்கு நான் அங்க வந்தப்ப, நீ முழிச்சிட்டிருந்தியாம்மா?"

"உங்க குரல் கேட்டுத்தான் முழிச்சேன்."

"அப்படின்னா நான் சொன்னது..."

"கட்டையை நீட்டிட்டாங்கன்னீங்களே, அதுவா? நீங்க எப்பவும் பேசற பேச்சுதானேண்ணே அது. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, போர்வையைக் கடிச்சுக்கிட்டேன்." அவள் கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "அதுவரைக்கும் மனசுக்குள்ள ஒரே பயம். இடத்தை மூடிடுவாங்களோ என்னவோன்னு. உங்க குரலைக் கேட்டதும், எங்கண்ணனே வந்து பாத்துட்டாரு, இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். அந்தப் பக்கம் நீங்க போனீங்களோ இல்லையோ, அப்படியே தூங்கிப் போயிட்டேன். நாலு மணிக்கு நர்ஸம்மா உலுக்கி உலுக்கி எழுப்பினாங்க. இந்த ரெண்டு வருஷத்துல அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கினதே இல்லண்ணே."

வெளியே யாரோ கடைக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை அசையவில்லை. தங்கைதான் சட்டென்று நிமிர்ந்து கணவர் முகத்தைப் பார்த்தாள்.

"போய் இன்னும் கொஞ்ச நேரம் படும்மா" என்றார் டிரைவர், குரலைத் தாழ்த்தி.

"படுத்துத்தான் பாத்தேண்ணே" என்றாள் அவள். "வரல."