ஆடுகள் மிதிக்காத நிலம்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில், பசுவந்தனைக்கு மேற்கே ஆளொழிந்துபோன ஓர் ஊரின் நத்தத்தில் எனக்கு நேர்ந்ததைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எனினும் எங்கள் வட்டாரத்தில் பாழ்பட்ட ஊர்களின் எல்லைகளை நடந்து பார்த்து எழுதி வைப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன்.

நண்பகல் நேரம். காற்று அறவே இல்லை. கரிசல் மண் ஒரு கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. சில ஓட்டுச் சில்லுகளைத் தவிர, அங்கே ஊர் இருந்ததற்கு அடையாளம் எதுவுமில்லை.

அப்பொழுது தெற்கிலிருந்து ஒரு செம்மறி மந்தை வந்தது; பின்னால் நடுவயதுப் பெண் ஒருவர். மந்தை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, வெறும் நிலத்தை வட்டமாகச் சுற்றிக்கொண்டு, அப்பால் மீண்டும் ஒன்றாயிற்று. அவ்விடத்தில் கல்லுமில்லை, முள்ளுமில்லை. அந்தப் பெண் கம்பை ஓங்கவில்லை, குரலும் கொடுக்கவில்லை. துள்ளி வந்த குட்டிகள்கூட அதற்குள் கால் வைக்கவில்லை. அந்த வெயிலிலும் எனக்கு உடல் சிலிர்த்தது.

அச்சத்தை ஒப்புக்கொள்ள மனம் வராமல், நான் அந்த வட்டத்தின் நடுவே போய் நின்றேன். வெடிப்பிலிருந்து எழுந்த குளிர்ச்சி கணுக்காலில் பட்டது. மக்கிய தானியத்தின் வாடை வந்தது.

"அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. காலத் தூக்காதீங்க" என்றார் அந்தப் பெண், தாழ்ந்த குரலில்.

"ஏம்மா, பேய் இருக்கோ?" என்று சிரித்தேன்.

"பேயின்னா ஆளப் பாத்துப் பிடிக்கும். இது பாக்காது. மெல்லப் படுத்து, வந்த வழியே ஊந்து வாங்க."

உடலைத் தாழ்த்தியபோது, அடியில் வெற்றுத் தானியக் குலுக்கையைத் தட்டினாற்போல் ஓர் ஓசை கேட்டது. குப்புறப் படுத்து ஊர்ந்தேன். அவர் நீட்டிய தொரட்டிக் கம்பை நான் பற்றிய கணத்தில், நின்றிருந்த இடம் ஒரு சுளகின் அகலத்துக்கு உள்ளே இறங்கியது. மண் அடியில் விழுந்த ஓசை சற்றுத் தாமதித்தே கேட்டது.

முன்பு அவ்வூரார் தானியம் சேமித்த நிலக்குழி அது என்று அவர் பிறகு சொன்னார். ஆண்டுதோறும் முள் வெட்டிப் போடுவாராம். மழையில் கரிசல் ஊறி முள்ளையும் விழுங்கி மூடிக்கொள்ளுமாம். ஆடுகள் எவ்வாறு அறிகின்றன என்று கேட்டேன். அவர் மந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உள்ள விழுந்த கடாவ எடுக்க எங்க வீட்டுக்காரவிய எறங்குனாவ. உள்ள கெட்ட காத்து. கடாவும் ஏறல, அவியளும் ஏறல. அன்னையிலருந்து நான் வெலக்கி ஓட்டல அண்ணாச்சி, இதுகளா ஒதுங்குதுக. அதுக்கப்புறம் பெறந்த குட்டியும் போவாது."

அவருடைய கணவர் மாண்ட இடத்தின் மேல் நின்றுகொண்டு நான் கேலி பேசியிருக்கிறேன். உயிர் தப்பியதைவிட, அதற்காக அவர் ஒரு சுடுசொல்லும் சொல்லாததே இன்றளவும் என்னை உறுத்துகிறது.

அடுத்த மழைக்கு அந்தக் குழியின் வாயும் மூடியிருக்கும். ஆகையால், ஐயா, இவ்விவரத்தைத் தாங்கள் வெளியிட்டுப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டுகிறேன்.