உள்ளே மடித்துவிட்ட இரண்டு ஒயர்

என் அத்தானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தையல்கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் 'ஒரு இன்ச்' தான். எந்தச் சட்டையைத் தைத்தாலும் ஓரத்தில் ஒரு இன்ச் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பார். "நாளைக்கு உடம்பு போட்டுட்டா என்ன பண்ணுவீங்க? பிரிச்சு விட்டுக்கலாம்ல" என்பார். காற்றடித்தால் பறந்துவிடுகிற ஒல்லிக்குச்சி ஆளிடமும் இதையே சொல்வார். அந்த ஆளும் பாவம், நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போவார்.

இந்த ஒரு இன்ச் துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுவரில் ஆணி அடித்தால் அதிலும் ஒரு இன்ச் வெளியே விடுவார். அதில் மாட்டி என் சட்டைக் கை கிழிந்தது. அதைத் தைத்துக் கொடுத்தவரும் அவரேதான், அதிலும் ஒரு இன்ச் விட்டு. எதையும் தூக்கிப் போடவும் மாட்டார். கைக்குட்டைக்குக்கூட ஆகாத வெட்டுத் துணியெல்லாம் மூட்டை மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எப்போதாவது ஆகும் என்பார். அந்த எப்போதாவது வந்து நான் பார்த்ததில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னல் ஓரம் அவருடைய மெஷின், சுவர் ஓரம் அக்காவுடையது, நடுவில் துணி வெட்டும் மேஜை, மூலையில் இஸ்திரிப் பெட்டி. அக்கா காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், கூடவே அத்தானைத் திட்டுவாள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வாள். அவள் குரல் சாதாரணக் குரல் இல்லை. இங்கிருந்து கூப்பிட்டால் தெருமுனையில் போகிற ஆள் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பார். அத்தான் மட்டும் திரும்ப மாட்டார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார்.

வாடிக்கையாளர்களுக்கு மாடல் காட்டலாம் என்று ஒரு டேப்லெட் வாங்கினார். கடையில் இருந்ததிலேயே மலிவானது. பின்பக்கம் அச்சடித்த கம்பெனிப் பெயரை இன்றுவரை என்னால் உச்சரிக்க முடியவில்லை. மாடல் காட்டினாரோ இல்லையோ, அதில் குரல் பதிகிற வசதி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அளவு எடுக்கும்போது டேப்பைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், எழுத மூன்றாவது கைக்கு எங்கே போவது? டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்து, "தோள் பதினெட்டு, கை இருபத்திமூணரை" என்று வாயால் சொல்லிவிடுவார். வெட்டும்போது அதைப் போட்டுக் கேட்டுக்கொள்வார். இது ஒன்றில் மட்டும் அவர் கெட்டிக்காரர் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. மிஞ்சியது காற்றுப் போல ஒரு கிசுகிசுப்பு. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னபோது அக்கா அழவில்லை. "உயிர் இருக்குல்ல. அந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு இத்தனை நாளா என்னத்தைக் கிழிச்சேன்" என்று என் காதோரம் சொன்னாள். நான்தான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் கடைக்குப் போனேன். அக்கா இல்லை. அத்தான் டேப்லெட்டைக் காதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இடுப்பு நாற்பத்தெட்டு" என்று அவர் குரலே அதிலிருந்து வந்தது. அந்த இடுப்பு ஒரு லாரி ஓனருடையது. அவர் எப்போதோ வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

"அந்த ஆள்தான் ஊரிலேயே இல்லையே அத்தான். அவர் இடுப்பு இப்ப எதுக்கு?"

"சும்மாதான்" என்றார்.

அப்போதுதான் லாரி ஓனரின் இடுப்புக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. முழுக் குரல். ஏதோ பால் பொங்கிய விவகாரத்தில் அத்தானைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் கல்யாணப் படம் இருக்கிறது, சுற்றுலா போன படம் இருக்கிறது. படம் பேசுமா? அக்காவின் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த மலிவு டேப்லெட்டில், ஊரார் அளவுகளுக்கு நடுவில் மட்டும்தான்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதே. திட்டுவா" என்றார் அத்தான்.

இப்போது எப்படித் திட்டுவாள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

அந்த டேப்லெட்தான் படுத்துக்கொண்டது. வெட்டுத் துணியைத் தூக்கிப் போடாதவர் ஒரு பதிவையாவது அழிப்பாரா? அழிக்கவில்லை. இடம் நிரம்பி மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது, புது அப்டேட் வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. இவரும் பெரிய மனசு பண்ணிச் சரி என்று அமுக்கியிருக்கிறார். அதிலிருந்து கம்பெனிப் படத்தைக் காட்டுவதும் அணைவதும், திரும்பவும் அதே படத்தைக் காட்டுவதுமாக இருந்தது. ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தித் தரேன். ஈஸியான வேலைதான்" என்றாராம். அத்தான் டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் பரவியிருக்கும் ஒரு வதந்தி. நான் பார்சல் ஆபீஸில் முகவரி அடிக்கிறவள். ஆனாலும் அத்தான் என்னை 'கம்ப்யூட்டர்' என்றுதான் கூப்பிடுவார். "கம்ப்யூட்டர், அழிக்காம எடுக்க முடியுமா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விடுமுறை நாளில் கடைக்குப் போனேன்.

இணையத்தில் தேடியதில் ஒரு வழி கிடைத்தது. டேப்லெட் எழுந்திருக்காவிட்டாலும் பின்வாசல் வழியாக உள்ளே போக ஒரு சின்ன புரோகிராம் இருக்கும், அதற்கு ரெக்கவரி என்று பெயர். கம்பெனி வைத்த ரெக்கவரிக்கு எல்லாவற்றையும் அழிக்க மட்டும்தான் தெரியும். யாரோ புண்ணியவான்கள் சொந்தமாக எழுதி வைத்திருக்கும் ரெக்கவரியை ஏற்றினால் சாமானை அலுங்காமல் வெளியே எடுக்கலாம். நல்ல கம்பெனி டேப்லெட் என்றால் இதற்கெல்லாம் உள்ளே பூட்டுப் போட்டிருப்பார்களாம். நம்முடையது மலிவுச் சரக்கு, பூட்டே கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தானின் சிக்கனத்தை மனதாரப் பாராட்டினேன்.

பாராட்டு கொஞ்ச நேரம்தான் தாங்கியது. ரெக்கவரியை ஏற்ற வேண்டும் என்றால் முதலில் லேப்டாப்புக்கு டேப்லெட் தெரிய வேண்டும். அதற்கு டிரைவர் என்று ஒரு புரோகிராம் போட வேண்டும். போட்டேன். தெரியவில்லை. வேறொரு டிரைவர் போட்டேன். லேப்டாப் தன்னை அணைத்துவிட்டு மறுபடி எழுப்பச் சொன்னது. எழுப்பினேன். தெரியவில்லை. சீன மொழியில் பேசிய ஒரு டிரைவரைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அதற்குப்பின் என் மவுஸ் வேலை செய்வதை நிறுத்தியது. டேப்லெட் மட்டும் கேபிளின் அந்த முனையில் சமர்த்தாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது.

"சார்ஜ் ஏறுதே. அப்ப கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று அத்தான் மேஜைக்கு எதிரே நின்று நல்வாக்குச் சொன்னார்.

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து குனிந்து, "அளவு போனா திரும்ப எடுத்துக்கலாம்டி. இதுக்குப் போய் ஏன் ரெண்டு பேரும் மண்டையை உடைச்சுக்கறீங்க?" என்றாள். அவள் நிமிர்ந்து பார்த்ததும் அத்தான் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

அக்கா போன பிறகு ஆத்திரத்தில் கேபிளைப் பிடுங்கினேன். அப்போதுதான் கையில் அது தட்டுப்பட்டது. கேபிளின் நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு வீக்கம்.

"அத்தான், இது என்ன?"

"அதுவா? கேபிள் ரொம்ப நீளம். மெஷின் மிதிக்கிறப்ப கால்ல மாட்டுச்சு. அதான் கொஞ்சம் கட் பண்ணி அளவாக்கிட்டேன்."

"கட் பண்ணி?"

"உள்ள நாலு ஒயர் இருந்துச்சு. சிவப்பையும் கறுப்பையும் சேர்த்தேன், சார்ஜ் ஏறிடுச்சு. பச்சையும் வெள்ளையும் எக்ஸ்ட்ரா. உள்ள மடிச்சு விட்டுட்டேன்."

கேபிளை மெதுவாக மேஜையில் வைத்தேன். பேசியிருந்தால் உறவு முறிந்திருக்கும். சார்ஜ் ஏற சிவப்பும் கறுப்பும் போதும். லேப்டாப்புக்கும் டேப்லெட்டுக்கும் பேச்சு போவதும் வருவதும் அந்தப் பச்சையிலும் வெள்ளையிலும்தான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேபிளைத் தொலைப்பார்கள், அறுப்பார்கள், எலிக்குக் கொடுப்பார்கள். கேபிளுக்கு அளவு எடுத்து ஆல்டர் பண்ணுகிற ஆள் என் அக்காவுக்குத்தான் வாய்த்திருக்கிறார். நான் அந்த டிரைவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன், ஒன்றின்மேலும் குற்றம் இல்லை.

"வேற கேபிள் வாங்கிட்டு வாங்க" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னைக்குக் கடை ஏது? இரு" என்றார். தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தார். கறுப்பு டேப்பைச் சட்டை ஓரம் பிரிப்பது போலவே பிரித்தார். உள்ளே பச்சையும் வெள்ளையும் இரண்டு பக்கமும் அழகாக மடிந்து கிடந்தன. நிமிர்த்தினால் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நீளம் இருந்தது.

"ஒரு இன்ச் விட்டிருக்கேன் பார்" என்றார். அந்தப் பெருமையைத் தாங்க முடியாமல் நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒயர் சேர்ந்ததும் லேப்டாப் டிங் என்றது. டேப்லெட் தெரிந்துவிட்டது.

ரெக்கவரியை ஏற்றினேன். திரையில் இரண்டு வரிசையாகப் பெரிய பட்டன்கள் வந்தன. கடவுளே என்று மேலே இடது பக்கம் இருந்த முதல் பட்டனைத் தொட்டுப் பார்த்தேன். அதற்கு எதிரே வலது பக்கம் இருந்த பட்டன் திறந்தது. அது 'எல்லாவற்றையும் அழி' என்கிற பட்டன்.

எனக்கு வேர்த்துவிட்டது. நல்ல வேளையாக, அழிக்க வேண்டுமானால் விரலால் இழுத்து உறுதி செய் என்று அது கேட்டுக்கொண்டு நின்றது. திரும்பிப் போகிற அம்புக்குறி கீழே இடது ஓரத்தில் இருந்தது. அதைத் தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. வலது ஓரத்தில் தொட்டேன், திரும்பியது. விஷயம் புரிந்தது. ஒரே பெயரில் இரண்டு விதமான டேப்லெட் விற்றிருக்கிறார்கள். நான் ஏற்றியது மற்றதற்கான ரெக்கவரி. படம் நேராகத் தெரிகிறது, தொடுவது மட்டும் இடம் வலம் மாறி விழுகிறது.

எதிர்ப்பக்கம் தொட்டால் போதும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மூளைக்குத் தெரிந்து என்ன பண்ண, விரல் கேட்க வேண்டுமே. அழிக்கிற பட்டன் முறைத்துக்கொண்டிருக்க, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "நான் தொட மாட்டேன் அத்தான். தப்பா எங்கேயாவது பட்டுச்சுன்னா அக்கா குரல் போயிடும்" என்று சொல்லிவிட்டேன்.

அத்தான் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இடது கை, வலது கை மாறி விழுது. அவ்வளவுதானே?" என்றார். பேட்டர்ன் வரைகிற மெல்லிய டிரேசிங் பேப்பரைத் திரையின் அளவுக்கு வெட்டி அதன்மேல் வைத்தார். வெளிச்சத்தில் பட்டன்கள் தெரிந்தன. எது வேண்டும் என்று கேட்டார், நான் காட்டிய பட்டன் மேல் தையல் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். பேப்பரை எடுத்துச் சட்டை முன்பக்கம் வெட்டுகிற மாதிரி நடுவில் சரிபாதியாக மடித்தார், புள்ளியின் மேல் ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். விரித்தால் எதிர்ப்பக்கமும் அதே உயரத்தில் ஒரு ஓட்டை. பேப்பரைத் திரும்பத் திரையில் வைத்து, "புள்ளி இல்லாத ஓட்டையைத் தொடு. வேற எதையும் பார்க்காதே" என்றார்.

தொட்டேன். சரியான பட்டன் திறந்தது. அடுத்ததற்கும் மடித்தார், குத்தினார், தொட்டேன். இப்படியே ஒவ்வொரு பட்டனாகப் போனோம். கடைசியில் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர் திறந்தது. உள்ளே ஊரார் தோள்களும் இடுப்புகளும் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிய பிறகுதான் நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

"ஒண்ணு போட்டுப் பாரேன்" என்றார் அத்தான்.

கையில் அகப்பட்டதைப் போட்டேன். லேப்டாப் ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"தோள் பதினேழு... கை இருபத்திரெண்டு..."

"என்னங்க, இஸ்திரிப் பெட்டியை அணைச்சீங்களா?" என்றது அக்காவின் குரல், முன்னறை அதிரும்படி. "என்னங்க, உங்களைத்தான். நான் ஒருத்தி தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன், சுவர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு."

"கழுத்து பதினஞ்சரை" என்றது அத்தானின் குரல், நிதானமாக.

உள்வாசலில் டீ டம்ளர்களோடு அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. டம்ளர்கள் தட்டில் கிடுகிடுவென்று ஆடின. அத்தான் ஓடிப்போய்த் தட்டை வாங்கினார், மேஜையில் வைத்தார், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல நின்றார். அக்கா லேப்டாப்பைப் பார்த்தாள், டேப்லெட்டைப் பார்த்தாள், ஓட்டை போட்ட பேப்பரைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் நிறைந்துவிட்டது, என் கண்ணும்தான்.

லேப்டாப் அதுபாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தது. அக்கா எட்டி வந்து அதை மூடினாள். அறை அமைதியானது. அவள் உதடு அசைந்தது, ஆனால் அத்தான் நின்ற இடத்துக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து குனிந்து காதைக் கொடுத்தார்.

"அன்னைக்குத்தான் பதில் சொல்லலை" என்று கிசுகிசுத்தாள் அக்கா. "இன்னைக்காவது சொல்லுங்க. பெட்டியை அணைச்சீங்களா?"

மூலையில் இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தான் போய்ச் சுவிட்சை அணைத்தார், பிளக்கையும் பிடுங்கினார். திரும்பி வந்து, அங்கிருந்தே சொன்னால் அவளுக்குக் கேட்கும் என்பதையும் மறந்து, மறுபடி அவளருகே குனிந்தார்.

"அணைச்சுட்டேன்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.