சோல் பாடகனுக்கு ஏற்றிய இரண்டு கட்டை

தொண்ணூறுகளில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், உருகி உருகிப் பாடும் பழைய அமெரிக்க 'சோல்' (soul) பாட்டுகளைப் பாடும் மூவர் குழுவில் நான் சிந்தசைசர் வாசித்தேன். அந்தப் பாட்டுகள் வந்த இசைத்தட்டுகளின் அட்டையில் பாடகரின் பல்வரிசை இருக்கும். வாசித்தவரின் பெயர் இருக்காது. எங்கள் பாடகன் ஜெராட்டும் அந்த மரபைக் காப்பாற்றினான். ஒரு கலியாண மேடையில் ட்ரம்ஸ்காரரைப் புகழ்ந்துவிட்டு என் பக்கம் கைகாட்டி, "அது மெசின், தானா வாசிக்கும்" என்றான். சபை சிரித்தது.

அடுத்த பாட்டில் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை இரண்டு கட்டை ஏற்றினேன். குரல் கிழியட்டும் என்று காத்திருந்தேன். கழுத்து நரம்பு புடைக்க அவன் கதறினான். ஜெர்மன்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள், மணப்பெண் அழுதாள்.

"அண்ணை, இண்டைக்கு எனக்குள்ள என்னவோ இறங்கிட்டுது!" என்றான் ஜெராட், பாட்டு முடிந்ததும்.

"ஓம், கண்டனான்" என்றேன்.

இன்றும் அவனை மன்னிக்கவில்லை. உண்மையைச் சொல்லவும் இல்லை. சொன்னால் நன்றி சொல்லிவிடுவானோ என்ற பயம்.